டெஸ்லா மாடல் 3ல லோயரிங் ஸ்ப்ரிங் மாட்டுறது எப்படி: அளவு எடுக்குறதுல இருந்து டியூஃப் வரைக்கும்

ஜெர்மனில மணிக்கணக்குக்கு கார் தூக்குற லிஃப்ட் வாடகைக்கு விடுற ஒர்க்‌ஷாப் நிறைய ஊர்ல இருக்கு. அப்படி ஒண்ணுலதான் என் காருக்கு லோயரிங் ஸ்ப்ரிங் (காரை தரைக்கு இன்னும் கிட்ட இறக்குற ஸ்ப்ரிங்) மாத்தினேன், அப்புறம் தெரிஞ்சவங்க கார் சிலதுக்கும் கூட நின்னு மாத்தி கொடுத்தேன். ஸ்ப்ரிங்கை கழட்டி மாட்டுறதுல யாரும் பெருசா சொதப்புறதில்ல, சொதப்புறது எல்லாம் அதுக்கு முன்னாடி அளவு எடுக்காம விடுறதுலயும் கடைசில போல்ட்டை எந்த நிலைமையில முறுக்குறோம்ங்கிறதுலயும்தான். அதனால வேலையோட வரிசை ரொம்ப முக்கியம், நடுவுல எதையும் தாண்டாதீங்க.

இது மாடல் 3க்கு எழுதினது. வேற கார்னா பொதுவான வரிசை அதேதான், கழட்டுற விதமும் போல்ட் இருக்கிற இடமும் மாறும்.

1. எதுக்கு மாத்துறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

"லோயரிங் ஸ்ப்ரிங் போட்டா மெத்தை மாதிரி போகுமா"ன்னு கேக்குறாங்க. போகாது. கார் இறங்கினா சக்கரம் மேல ஏறுறதுக்கு இருக்கிற இடம் அதே அளவு குறையும், அந்த குறைஞ்ச இடத்துக்குள்ள பம்ப் ஸ்டாப்ல (கடைசி எல்லையில இருக்கிற ரப்பர் தடுப்பு) போய் இடிக்காம இருக்கணும்னா ஸ்ப்ரிங் கொஞ்சம் இறுக்கமா இருந்தே ஆகணும். நல்லாகுறது என்னன்னா, ஹைவேல மேடு பள்ளத்துல கார் மேலயும் கீழயும் மிதக்குறது, பிரேக் போட்டா மூக்கு குத்துறது, வளைவுல சாயுறது, இதெல்லாம் குறையும்.

சின்ன கணக்கு ஒண்ணு. ஸ்ப்ரிங் 20 சதவீதம் இறுக்கமானாலும் கார் ஆடுற வேகம் சுமார் 10 சதவீதம்தான் ஏறும், ஏன்னா அது ஸ்கொயர் ரூட் கணக்கு. அதனால அளவான ஸ்ப்ரிங் முதுகை உடைக்காது. முதுகை உடைக்குறது பம்ப் ஸ்டாப். 40 மில்லிமீட்டர் இறக்குற செட்டை வாங்கி போட்டா ஒவ்வொரு குழிக்கும் நீங்க ஸ்ப்ரிங் மேல உக்காரல, ஒரு ரப்பர் கட்டை மேல உக்காந்திருக்கீங்க.

என் கருத்து: கம்பெனி டேம்பரை (ஷாக் அப்சார்பர்) வெச்சுக்கிட்டு 20ல இருந்து 30 மில்லிக்குள்ள நிறுத்திக்கோங்க. டேம்பர் பழைய ஸ்ப்ரிங்குக்கு டியூன் பண்ணினது, கொஞ்சம் இறுக்கத்தை சமாளிக்கும், ரொம்ப கொடுத்தா ஒரு குலுக்கலுக்கு மூணு தடவை ஆடும். இன்னொண்ணு, உங்க பிரச்சனை சின்ன சின்ன கல் ரோட்டுல தடதடன்னு வர்றதுதான்னா ஸ்ப்ரிங்கை தொடாதீங்க. 19, 20 இன்ச் வீல்ல இருந்து 18க்கு இறங்குங்க, டயர் காத்தை செக் பண்ணுங்க. பாதி பேருக்கு அதோட வேலை முடிஞ்சிடும்.

2. வாங்குறதுக்கு முன்னாடி பேப்பரை படிங்க

ஜெர்மனில ஸ்ப்ரிங் கூட டைலகுட்டாக்டன்னு ஒரு சான்று (அந்த பாகத்தோட பரிசோதனை அறிக்கை) வரும், சில பொருளுக்கு ஆபேன்னு (ABE, பொது அனுமதி) வரும். டைலகுட்டாக்டன் இருந்தா மாட்டின உடனே டியூஃப், டெக்ரா மாதிரி ஒரு வண்டி பரிசோதனை நிலையத்துல காட்டி கையெழுத்து வாங்கணும், இல்லைன்னா வண்டி ரோட்டுல ஓட்ட அனுமதி இல்லாத வண்டி. விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல தேடுறது இந்த பேப்பரைத்தான்.

அந்த பேப்பர்ல ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு ஆக்சில் எடை, முன்னாடிக்கு இத்தனை கிலோ வரைக்கும் பின்னாடிக்கு இத்தனை கிலோ வரைக்கும்னு போட்டிருக்கும், அதை உங்க பதிவுப் பத்திரத்துல இருக்கிற எண்ணோட ஒப்பிடுங்க. ரியர் வீல் டிரைவுக்கும் டூயல் மோட்டாருக்கும் முன்பக்க எடை வேற, ஒரே பேரு போட்ட செட்டா இருந்தாலும் ஸ்ப்ரிங் வேற. ஒரு தம்பி ஆன்லைன்ல செகண்ட்ஹேண்ட் செட்டை மலிவா புடிச்சுட்டு வந்தான், சிங்கிள் மோட்டார் ஸ்ப்ரிங், அவன் கார் டூயல் மோட்டார். எல்லாம் மாட்டி இறக்கினப்புறம் மூக்கு மண்ணை முகர்ந்துட்டு நின்னுச்சு, அன்னைக்கே மறுபடி பழசை மாட்டினோம், லிஃப்ட் வாடகை ரெண்டு மடங்கு.

ரெண்டாவது வீல் அளவு. கம்பெனி வீல் இல்லாம வேற வீல் போட்டிருந்தா அந்த கூட்டணியையும் சேர்த்து அனுமதி வாங்க வேண்டி வரும், முன்கூட்டியே பரிசோதகர்கிட்ட ஒரு போன் போட்டு கேட்டுடுங்க.

ஸ்ப்ரிங் பெட்டிய பிரிச்ச உடனே ஒவ்வொரு ஸ்ப்ரிங் மேலயும் அச்சடிச்சிருக்கிற நம்பரை போட்டோ எடுத்து வைங்க. மாட்டினப்புறம் அது எந்தப் பக்கம் திரும்பி நிக்கும்னு சொல்ல முடியாது, பரிசோதகர் அந்த நம்பரைத்தான் கேப்பார்.

3. கையில இருக்க வேண்டியது

டெஸ்லாவோட சர்வீஸ் மேனுவல் ஆன்லைன்ல இலவசமாவே கிடைக்குது. சஸ்பென்ஷன் பகுதியை பிரிண்ட் எடுத்து வைங்க, கை எண்ணெயா இருக்கும்போது போனை தொட முடியாது. ஒவ்வொரு போல்ட்டோட டார்க்கும் (எவ்வளவு இறுக்கமா முறுக்கணும்ங்கிற அளவு) அதுல இருக்கு, எது ஒரு தடவைதான் பயன்படுத்தணும்னும் இருக்கு. அந்த போல்ட் நட்டை முன்னாடியே ஆர்டர் பண்ணுங்க. சனிக்கிழமை மதியம் கார் லிஃப்ட்ல தொங்கும்போது போல்ட் தேடி அலையாதீங்க.

டூல்னு பாத்தா ரெண்டு டார்க் ரெஞ்ச் வேணும், சின்னதுக்கு ஒண்ணு பெருசுக்கு ஒண்ணு. வீல் நட்டுக்கு 21 சாக்கெட், அதுக்கு டார்க் 175 நியூட்டன் மீட்டர். நல்ல ஸ்ப்ரிங் கம்ப்ரசர், துரு விடுற ஸ்ப்ரே, பெயின்ட் மார்க்கர், மெல்லிசா ஆனா பலமான கயிறு, தூக்குற இடத்துல வைக்க ரப்பர் பேட். பாதுகாப்பு கண்ணாடி கட்டாயம்.

ஸ்ப்ரேவை முந்தின நாளே அடிச்சு விடுங்க. குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுற ஊர்ல நாலு வருஷம் ஓடின கார்னா இந்த ஒரு ராத்திரி ஊறலே ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

4. கழட்டுறதுக்கு முன்னாடி அளவு

இதை தாண்டுறவங்கதான் அதிகம். கார் சமதரையில நிக்கும்போது வீலோட நடு மையத்துல இருந்து நேர் மேல ஃபென்டர் (சக்கரத்துக்கு மேல இருக்கிற பாடி தகடு) விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதுங்க. தரையில இருந்து அளக்காதீங்க, டயர் தேய்மானமும் காத்தும் அந்த அளவை மாத்திடும்.

இந்த நாலு எண் எதுக்குன்னா, கார் எவ்வளவு இறங்குச்சுன்னு இதோட ஒப்பிட்டுத்தான் தெரியும். 9வது படியில கார் அந்தரத்துல இருக்கும்போதே அது தரையில நிக்கிற மாதிரி சஸ்பென்ஷனை தூக்கி வெச்சு முறுக்கணும், அப்ப இதே மாதிரி அளந்து எடுக்கிற புது எண்தான் உங்க அடையாளம். ஃபென்டர்ல மாஸ்கிங் டேப் ஒட்டி அதுலயே எழுதிடுங்க, பேப்பர் தொலையும்.

5. தூக்குறது

கார் அடியில முழுக்க பேட்டரி, பல நூறு கிலோ எடை. தூக்க வேண்டியது நாலே நாலு இடம், முன் சக்கரத்துக்கு கொஞ்சம் பின்னாடியும் பின் சக்கரத்துக்கு கொஞ்சம் முன்னாடியும் வட்டமா ஓட்டை இருக்கும், ரப்பர் பேட் அதுல உக்காரணும். அதுல இருந்து நாலு விரல் உள்ள தள்ளினா ஜாக் பேட்டரி பெட்டி மேல ஏறிடும், அப்புறம் செலவு ஸ்ப்ரிங் செட் விலையில இல்ல.

சார்ஜர் கழட்டியாச்சான்னு பாத்துட்டு ஸ்க்ரீன்ல பவர் ஆஃப் பண்ணுங்க, போன் சாவியை தூரமா வைங்க, பக்கத்துல வெச்சிருந்தா கார் முழிச்சுக்கிட்டே இருக்கும். இந்த வேலைக்கு ஹைவோல்டேஜ் எதையும் கழட்ட வேண்டியதில்ல. ஆரஞ்சு கலர் வயர் கண்ணுல பட்டா அதை புடிச்சு தொங்காதீங்க, அதுல டூல் சாத்தாதீங்க, அவ்ளோதான்.

இடது வலது ரெண்டு பக்கமும் ஒண்ணா தூக்குங்க. ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ஸ்டெபிலைசர் பார் (ரெண்டு பக்கத்தையும் இணைச்சு சாய்வை குறைக்குற கம்பி) முறுக்கிக்கிட்டு நிக்கும், எந்த போல்ட்டும் ஒழுங்கா வெளிய வராது.

6. பின்பக்கத்துல இருந்து ஆரம்பிங்க

பின்பக்கம் சுலபம். ஸ்ப்ரிங் தனி, டேம்பர் தனி, கம்ப்ரசர் பெரும்பாலும் தேவைப்படாது. கை பழகுறதுக்கு இதுதான் நல்லது.

கீழ் ஆர்ம் (சக்கரத்தை காரோட இணைக்குற கை) அடியில ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதை கழட்டுங்க. ரெண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் லிங்கை விடுங்க. ஸ்ப்ரிங் உக்காந்திருக்கிற ஆர்ம் அடியில ஜாக் கொடுத்து லேசா எடை ஏத்துங்க, அப்புறம்தான் டேம்பரோட கீழ் போல்ட், அடுத்து அந்த ஆர்மோட வெளிப்பக்க போல்ட். ஜாக்கை மெதுவா இறக்கினா ஆர்ம் கீழ வரும், ஸ்ப்ரிங் தளர்ந்து கையில வந்துடும். சக்கரம் தொங்கும்போதும் ஸ்ப்ரிங்ல கொஞ்சம் இழுவிசை மிச்சம் இருக்கும், அதனால ஜாக் இல்லாம போல்ட்டை உருவாதீங்க, முகத்தை அதுக்கு நேரா வைக்காதீங்க.

உள்பக்கத்துல டோ (மேல இருந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற கோணம்) சரிபண்ணுற எக்சென்ட்ரிக் போல்ட் ஒண்ணு இருக்கும், வட்டத் தகடும் கோடுகளும் இருக்கும், பாத்தாலே தெரியும். அதை தொடாதீங்க. தொட்டே ஆகணும்னா முதல்ல மார்க்கர்ல கோடு போடுங்க.

பழைய ஸ்ப்ரிங்ல இருந்து மேல் கீழ் ரப்பரை எடுத்து, எந்தப் பக்கம் மேலன்னு எழுதி, சுத்தமா துடைச்சு புதுசுல போடுங்க. ஸ்ப்ரிங்கோட முனை ரப்பர்ல இருக்கிற படியில போய் முட்டி நிக்கணும். விரல் விட்டு தடவி பாருங்க, ஒரு விரல் அகலம் தள்ளி நின்னாலும் இறக்கினப்புறம் டொக்குன்னு ஒரு சத்தத்தோட தானே திரும்பும், அதுவும் நீங்க ஹைவேல போகும்போது.

போல்ட் எல்லாம் கையால ஏத்தி லேசா பிடிக்கிற அளவு மட்டும் முறுக்குங்க. ஃபைனல் டார்க் இப்ப கிடையாது.

7. முன்பக்கம் கழட்டுறது

இங்க டபுள் விஷ்போன், அதாவது மேல ஒரு ஆர்ம், கீழயும் ஆர்ம். ஸ்ப்ரிங், டேம்பர், மேல் ஆர்ம், அதோட மவுன்ட் எல்லாம் ஒரே கட்டா கீழ இறங்கும். மேல் போல்ட்டுகளுக்கு போக பானெட்டை திறந்து விண்ட்ஷீல்டுக்கு கீழ இருக்கிற பிளாஸ்டிக்கை எடுக்கணும். கிளிப்பை நோண்டி உடைக்காதீங்க, குளிர்ல பட்டுன்னு போயிடும், ஒர்க்‌ஷாப் உள்ள கார் கொஞ்ச நேரம் நின்னப்புறம் எடுங்க.

சக்கரத்தை எடுத்துட்டு முதல்ல பிரேக் ஹோஸ், வீல் ஸ்பீடு சென்சார் வயர், எங்கெங்க கிளிப்ல இருக்கோ அங்கெல்லாம் விடுவிச்சுடுங்க. அடுத்ததுதான் இந்த வேலையிலயே பிடிவாதமான போல்ட், மேல் ஆர்ம் முனையில இருக்கிற பால் ஜாயின்ட்டை (உருண்டை மூட்டு) நக்கிள்ல (சக்கரத்தை தாங்குற உலோகத் துண்டு) பிடிச்சிருக்கிற பின்ச் போல்ட். தண்ணி இறங்கி ஊறி இறுகி இருக்கும். நட்டை எடுத்துட்டு போல்ட்டை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி உயிர் வரவைங்க, ஸ்ப்ரே அடிங்க, மறுபடி திருப்புங்க. சுத்தியல எடுத்து மரை முனையில ஓங்கி அடிச்சா முனை காளான் மாதிரி விரிஞ்சுக்கும், அப்புறம் எந்தப் பக்கமும் வராது. நக்கிள் அலுமினியம், உளி வெச்சு பிளக்குற ஆசை வேண்டாம். அவசரத்துல அண்டாவுக்குள்ள கூட கை போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

பால் ஜாயின்ட் வெளிய வந்த அந்த நொடி நக்கிள் மொத்தமும் வெளிப்பக்கமா சாயும். அது சாய்ஞ்சா பிரேக் ஹோஸ் இழுபடும், டூயல் மோட்டார்னா டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டும் உருவிக்கும். அதனால ஜாயின்ட்டை விடுறதுக்கு முன்னாடியே கயிறு போட்டு நக்கிளை பாடியோட கட்டிடுங்க. நான் முதல் தடவை ஒரு கையில நக்கிளை தாங்கிக்கிட்டு இன்னொரு கையில கயிறு தேடினேன், பக்கத்து லிஃப்ட்காரர் பாத்து சிரிச்சுட்டே வந்து பிடிச்சார்.

அடுத்து ஸ்டெபிலைசர் லிங்க், டேம்பர் கீழ் ஃபோர்க் போல்ட், கடைசியா மேல் மவுன்ட் போல்ட்டுகள். கட்டு கனமானது, கடைசி போல்ட்டுக்கு ஆள் ஒண்ணு கீழ பிடிக்கணும்.

8. ஸ்ப்ரிங்கை மாத்துறது

ஆபத்துன்னா இந்த படிதான். கழட்டுறதுக்கு முன்னாடி மேல் மவுன்ட், ஸ்ப்ரிங், கீழ் தட்டு, ஃபோர்க் எல்லாத்துலயும் நேர்கோடா ஒரு மார்க்கர் கோடு இழுங்க. மேல் மவுன்ட் ஃபோர்க்குக்கு எந்த கோணத்துல இருந்துச்சோ அதே கோணத்துல திரும்பி வரணும், இல்லைன்னா கார்ல ஓட்டை ஒத்துவராது, அல்லது வலுக்கட்டாயமா ஏத்தி புஷ்ஷை (ஆர்ம் உள்ள இருக்கிற ரப்பர் உறை) முறுக்கி விட்டுடுவீங்க.

சுவர்ல பொருத்தின கம்ப்ரசர் ஒர்க்‌ஷாப்ல இருந்தா அதையே கேளுங்க. ரெண்டு கொக்கி வெச்ச கம்ப்ரசர்தான் இருக்குன்னா எதிரெதிரா வெச்சு மாத்தி மாத்தி கொஞ்சமா முறுக்குங்க. மேல் தட்டுல ஸ்ப்ரிங் தளர்ந்து லேசா ஆடுதுன்னு தெரிஞ்சப்புறம்தான் நடு நட். அந்த நட்டை ஏர் கன்னால கழட்டாதீங்க, டேம்பர் தண்டு சுத்தி உள்ள சீலை கெடுக்கும். ஆலன் கீயால தண்டை பிடிச்சுக்கிட்டு ஸ்பானரால நட்டை விடுங்க.

தண்டுல ஒவ்வொண்ணா எடுக்கிற வரிசையிலேயே மேசையில வரிசையா வைங்க, ஒரு போட்டோவும் எடுங்க. பம்ப் ஸ்டாப்பை வெட்டணுமா வேண்டாமான்னு செட்டோட பேப்பர்ல எழுதியிருக்கும். வெட்டச் சொல்லலைன்னா வெட்டாதீங்க. "இன்னும் இடம் கிடைக்கும்ல"ன்னு வெட்டினா, பெரிய குழியில மெல்ல நிறுத்த வேண்டிய ரப்பர் இல்லாம இரும்பு இரும்புல இடிக்கும்.

9. மாட்டுறது, அப்புறம் சரியான உயரத்துல முறுக்குறது

மொத்த வேலையோட உயிர் இங்கதான் இருக்கு. சஸ்பென்ஷன் ஆர்ம் எல்லாம் ரப்பர் புஷ்ல நிக்குது. அந்த ரப்பர் போல்ட்டை சுத்தி சுழலாது, போல்ட்டை முறுக்கின நிலைமைதான் அதுக்கு ஓய்வு நிலை, அங்கிருந்து ஆர்ம் எந்தப் பக்கம் போனாலும் ரப்பர் முறுக்கிக்கிட்டு ஒரு கூடுதல் ஸ்ப்ரிங் மாதிரி எதிர்க்கும். சக்கரம் தொங்கிட்டிருக்கும்போது முறுக்கிட்டீங்கன்னா கார் தரையில நின்ன உடனே எல்லா புஷ்ஷும் முறுகிப் போய் நிக்கும். சவாரி கல்லு மாதிரி ஆகும், உயரம் குறையாது, ரப்பர் சீக்கிரம் கிழியும்.

நான் அனுபவிச்சது இது. முதல் தடவை எல்லாத்தையும் தொங்கவிட்டே முறுக்கிட்டு வீட்டுக்கு போனேன், பின்னாடி எதிர்பார்த்ததை விட 10 மில்லி உயரமா நின்னுச்சு, ஸ்ப்ரிங்தான் மோசம்னு நினைச்சு ஒரு வாரம் திட்டிக்கிட்டு ஓட்டினேன். அப்புறம் திரும்ப போய் போல்ட்டை மட்டும் தளர்த்தி சரியான உயரத்துல முறுக்கினேன். ஸ்ப்ரிங் அதேதான், கார் வேற கார்.

முன் மேல் ஆர்முக்கு ஒரு தனி கவனம். அதோட உள் போல்ட்டுக்கு கார்ல மாட்டினப்புறம் டூல் சுலபமா போகாது, அதனால கட்டு மேசையில இருக்கும்போதே ஆர்மை அது நிக்கப்போற கோணத்துல வெச்சு முறுக்கணும். எந்த நிலையில வெக்கணும்னு மேனுவல்ல பாருங்க, கார் இறங்கப்போற அளவுக்கு ஏத்த மாதிரி ஆர்மோட வெளி முனை கொஞ்சம் மேல வரும்.

மத்ததெல்லாம் இப்படி: லேசா பிடிச்ச நிலைமையில சக்கரத்தை மாட்டி காரை தரையில இறக்கி, முன்னும் பின்னும் ரெண்டு மூணு மீட்டர் கையாலயே உருட்டுங்க. மறுபடி மையத்துல இருந்து ஃபென்டர் வரை அளந்து டேப்புல பழைய எண்ணுக்கு பக்கத்துலயே எழுதுங்க. குழி இருக்கிற ஒர்க்‌ஷாப்னா அப்படியே சக்கரம் தரையில இருக்க கீழ இருந்து முறுக்கிடலாம், அதுதான் உத்தமம். இல்லைன்னா தூக்கி, சக்கரத்தை கழட்டி, உயரமான ஜாக்கால நக்கிளை அந்த புது எண் வர்ற வரைக்கும் ஏத்தி முறுக்குங்க. ஏத்தும்போது கண்ணு லிஃப்ட் பேட் மேல இருக்கட்டும். ஜாக் ஒரு மூலையை தூக்கி கார் பேட்ல இருந்து எழும்புதுன்னா உடனே நிறுத்துங்க. ஆளை கார்ல உக்கார வெச்சு எடை கூட்டுறேன்னு எல்லாம் கிளம்பாதீங்க.

முறுக்கின ஒவ்வொரு போல்ட்டு மேலயும் ஒரு மார்க்கர் கோடு. கோடு இல்லாத போல்ட் இன்னும் முறுக்காத போல்ட்.

10. முதல் 200 கிலோமீட்டர், அப்புறம் அலைன்மென்ட்

புது ஸ்ப்ரிங்கும் ரப்பரும் உக்காந்து அடங்கணும். முதல்ல 11வது படியில இருக்கிற லைட், டியூஃப் வேலையை முடிச்சுட்டு, 150, 200 கிலோமீட்டர் நிதானமா ஓட்டிட்டு வீல் நட்டையும் மத்த போல்ட்டையும் டார்க் ரெஞ்சால ஒரு தடவை சரிபாத்துட்டு அலைன்மென்ட்டுக்கு (சக்கரக் கோணம் சரிபண்ணுறது) போங்க. முதல் நாளே போனா அது அடங்கினப்புறம் மறுபடி மாறும், காசு தண்டம்.

கார் இறங்கும்போது கேம்பரும் (முன்னாடி இருந்து பாத்தா சக்கரம் சாய்ஞ்சிருக்கிற கோணம்) டோவும் சேர்ந்தே மாறும். கம்பெனி பாகங்களோட முன்பக்கம் டோ சரிபண்ணலாம், பின்பக்கமும் டோ சரிபண்ணலாம், கேம்பருக்கு வழி இல்ல. ரொம்ப இறக்கினா பின் டோ சரிபண்ணுற எல்லைக்கு வெளிய போயிடும், அப்ப அட்ஜஸ்டபிள் ஆர்ம் வாங்கணும். 1வது படியில 30க்குள்ள நில்லுங்கன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். பின் டயரோட உள் விளிம்பை தின்னு தீர்க்குறது கேம்பரை விட தப்பான டோதான். மாசம் ஒரு தடவை உள்பக்கமா கைவிட்டு தடவி பாருங்க, வெளிய இருந்து டயர் புதுசு மாதிரியே தெரியும், உள்ள கம்பி எட்டிப் பாத்துக்கிட்டிருக்கும்.

அலைன்மென்ட் பேப்பரை பத்திரமா வைங்க.

11. லைட், கேமரா, டியூஃப்

உயரம் மாறினா ஹெட்லைட் கோணமும் மாறலாம், முன்னாடியும் பின்னாடியும் ஒரே அளவு இறங்குறது அபூர்வம். ஸ்க்ரீன்ல சர்வீஸ் மெனுவுல ஹெட்லைட் சரிபண்ணுற இடம் இருக்கு. அதே மெனுவுல கேமரா கேலிப்ரேஷனையும் அழிச்சுட்டு, கோடு தெளிவா இருக்கிற ரோட்டுல ஓட்டுங்க, தானே மறுபடி கத்துக்கும். அது முடியுற வரைக்கும் ஆட்டோபைலட் வராது, பயப்பட வேண்டாம்.

டியூஃப்புக்கு போகும்போது டைலகுட்டாக்டன், பதிவுப் பத்திரம், ஸ்ப்ரிங் நம்பர் போட்டோ எல்லாம் ஒரே கவர்ல. ஒரு நாளும் தள்ளாதீங்க, நேரத்தை மாட்டுறதுக்கு முன்னாடியே புக் பண்ணிடுங்க. அவங்களும் வீல் மையத்துல இருந்து ஃபென்டர் வரைக்கும்தான் அளப்பாங்க, டயர் எங்கயாவது உரசுதான்னு பாப்பாங்க. இன்சூரன்ஸுக்கும் ஒரு மெயில் போட்டுடுங்க.

12. சத்தம் வந்தா

ஸ்டியரிங் திருப்பும்போதோ வேகத்தடை ஏறும்போதோ டொக்குன்னு ஒரே ஒரு தடவை வந்தா ஸ்ப்ரிங் முனை படியில உக்காரல. சின்ன குலுக்கலுக்கெல்லாம் டக் டக்னு வந்தா முதல்ல ஸ்டெபிலைசர் லிங்க் நட்டை பாருங்க, அது கார் தரையில இருக்கும்போதே கை எட்டும். பழைய கட்டில் மாதிரி கிரீச்னு வந்தா அது ஸ்ப்ரிங் இல்ல, மேல் ஆர்ம் பால் ஜாயின்ட்ல தண்ணி போயிருக்கும், இந்த கார்ல அது தெரிஞ்ச வியாதி. அதனாலதான் முன் கட்டு மேசையில இருக்கும்போதே அந்த ஜாயின்ட்டோட ரப்பர் மூடியை திருப்பி திருப்பி பாத்துடுங்க, கிழிசல் தெரிஞ்சா ஆர்மையும் அன்னைக்கே மாத்திட்டா அந்த பின்ச் போல்ட்டோட இன்னொரு தடவை மல்லுக்கட்ட வேண்டாம்.